கூடுதல் 8 ரூபாய் எதற்கு? உயர் ஆக்டேன் பெட்ரோல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பங்க்கில் "பவரா, நார்மலா?" என்று கேட்டால் பதில் சொல்ல மூன்று வினாடிதான் கிடைக்கும். பின்னால் நாலு வண்டி நிற்கும். அந்த அவசரத்தில் வண்டி மேலிருக்கும் பாசம்தான் பெரும்பாலும் வாயைத் திறக்கிறது: "பவரே போடுங்கண்ணே." பவர் என்பது உயர் ஆக்டேன் பெட்ரோல், அதாவது அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் கூடுதல் நேரம் தாங்குவது. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்த திருப்தியில், வெளியே வந்ததும் பிக்கப் கூடியது போலவும் தோன்றும். தோன்றுவதை விட்டுவிட்டு அளந்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவீட்டை முதலில் பார்த்துவிட்டு, நம் பங்க் விலைக்கும் நம் வண்டிகளுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம்.

ஏஏஏ சங்கத்தின் இரண்டு சோதனைகள்

அமெரிக்காவின் பெரிய வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 2016-இல் தெற்கு கலிபோர்னியக் கிளையின் ஆய்வுக்கூடத்தில் மூன்று வண்டிகளைச் சோதித்தது. வி8 இன்ஜின் டொயோட்டா டன்ட்ரா, வி6 இன்ஜின் டாட்ஜ் சார்ஜர், நான்கு சிலிண்டர் மஸ்டா3. மூன்றுமே சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்தவை. ஒவ்வொன்றிலும் அந்த ஊர் சாதாரணமான 87 ஆக்டேனையும் பிரீமியமான 93 ஆக்டேனையும் மாற்றி மாற்றிப் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் டைனமோமீட்டர் உருளையில் ஓடவிட்டு, இன்ஜின் சக்தி, மைலேஜ், புகை மூன்றையும் அளந்தார்கள். எதிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. தேவையே இல்லாத வண்டிகளில் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரே வருடத்தில் 210 கோடி டாலருக்கும் மேல் வீணாக்கியதாகச் சங்கம் கணக்குச் சொன்னது.

"அது சாதா இன்ஜின்தானே, டர்போவில் போட்டுப் பாருங்கள்" என்ற நியாயமான எதிர்ப்புக்கு 2017-இல் பதில் வந்தது. இந்த முறை எடுத்தவை ஆறு: ஆடி ஏ3, காடிலாக் எஸ்கலேட், ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி, ஃபோர்ட் எஃப்-150, ஜீப் ரெனகேட், மஸ்டா எம்எக்ஸ்-5. பிரீமியத்தைக் கம்பெனியே பரிந்துரைத்த, ஆனால் கட்டாயமாக்காத வண்டிகள் இவை. மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது, குதிரைத்திறன் 1.4 சதவீதம். அதிகபட்ச மைலேஜ் லாபம் எஸ்கலேட்டுக்கு, 7.1 சதவீதம். அதிகபட்ச சக்தி லாபம் மஸ்டாங்குக்கு, 3.2 சதவீதம். ஆடியில் மைலேஜ் 1 சதவீதம் குறையவே செய்தது. அங்கே பிரீமியத்துக்கு விலை 20 முதல் 25 சதவீதம் கூடுதல். 2.7-ஐ வைத்து 20-ஐ ஈடுகட்ட முடியாது என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை.

இந்த எண்களை அப்படியே நம் பங்க்குக்குக் கொண்டுவரக் கூடாது. அமெரிக்கப் பலகையில் எழுதுவது, ரிசர்ச் ஆக்டேன், மோட்டார் ஆக்டேன் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. நாம் எழுதுவது ரிசர்ச் ஆக்டேன் மட்டும். அதனால் அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91. அவர்களுடைய 93 ஏறக்குறைய நம்முடைய 98. "அமெரிக்காவிலேயே 87தான் போடுகிறான், நமக்கெதற்கு 91" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதம் இங்கேயே விழுந்துவிடும். வளைகுடாவில் வண்டி ஓட்டியவர்களுக்குக் குழப்பம் வராது. துபாயில் இருக்கும் 91, 95 ஸ்பெஷல், 98 சூப்பர் எல்லாம் நம்முடைய அளவுகோல்தான். கவனிக்க வேண்டியது: ஏஏஏ தாண்டிய தூரம் நம் கணக்கில் சுமார் 7 புள்ளி. நம் சாதாரண 91-இலிருந்து பவர் 95 என்றால் 4 புள்ளிதான். கிடைக்கும் லாபமும் அதற்கேற்பச் சுருங்கும்.

ஏன் சிலதுக்கு லாபம், சிலதுக்கு இல்லை

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சூட்டுச்சக்தி கூடுவதில்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. பிஸ்டன் மேலே வருகிறது, உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பிளக் பொறி விடுகிறது, தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவுகிறது. அந்தத் தீ வந்து சேருமுன் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் கலவை தானே வெடித்தால், அதுதான் நாக்கிங். மெக்கானிக் பாஷையில் "இன்ஜின் தட்டுது". டப்பாவுக்குள் கோலிக்குண்டை உருட்டியது போன்ற சத்தம். தொடர்ந்து தட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் மேடு உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

தட்டுவதை உணரும் நாக் சென்சர் உள்ள இன்ஜினில், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சில டிகிரி பின்தள்ளும். சத்தம் நிற்கும், கூடவே இழுவையும் கொஞ்சம் குறையும். பிறகு மெல்ல மெல்ல முன்னால் நகர்த்திப் பார்க்கும். உயர் ஆக்டேன் பெட்ரோல் வாங்கித் தருவது இந்தப் பின்தள்ளலைத் தவிர்ப்பதை மட்டும்தான். டைமிங் ஏற்கெனவே முழுக்க முன்னால்தான் நிற்கிறது என்றால் கூடுதல் ஆக்டேனுக்கு உள்ளே வேலையில்லை. டன்ட்ராவும் மஸ்டா3-ம் ஒன்றும் காட்டாததற்குக் காரணம் இதுதான்.

நாக் சென்சரே இல்லாத வண்டிகளும் நிறைய. 100, 110 சிசி கம்யூட்டர் பைக்குகளில் பெரும்பாலும் டைமிங் கம்பெனி வரைந்த கோட்டிலேயே போகும். என்ன பெட்ரோல் வந்தது என்று கேட்க உள்ளே யாரும் இல்லை. அதில் 95 போட்டாலும் 100 போட்டாலும் இன்ஜினுக்குத் தெரியாது. பவர் பெட்ரோலை விரும்பிப் போடுவதில் பழைய புல்லட் ஓனர்களுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அந்த வார்ப்பிரும்பு இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்ற எண்) 7-ஐக்கூடத் தொடாது. ரோட்டில் ஓடும் வண்டிகளில் ஆக்டேன் மிகக் குறைவாகத் தேவைப்படுபவற்றில் அதுவும் ஒன்று.

கம்ப்ரஷன் எண்ணை மட்டும் வைத்தும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்விஃப்ட்டில் வந்த கே12என் டூயல்ஜெட் இன்ஜினில் விகிதம் 12:1. பழைய பாடப்படி அதற்கு 95 வேண்டும். குளிர்வித்த கழிவு வாயுவை உள்ளே திருப்பிவிட்டு எரியறைச் சூட்டைக் குறைத்திருப்பதால் அது சாதாரண பெட்ரோலிலேயே ஓடுகிறது. அதனால் பார்க்க வேண்டியது டேங்க் மூடியின் உட்புறமும் ஓனர் மேனுவலும். "குறைந்தபட்சம் 91" என்று இருந்தால் கதை முடிந்தது. "95/91" என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது பரிந்துரை, இரண்டாவது தாங்கும் எல்லை. ஏஏஏ-வின் இரண்டாம் சோதனை வண்டிகள் இந்த வகை. "95 கட்டாயம்" என்றால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதைத்தான் போட வேண்டும்.

காசுக் கணக்கு

சாதாரண பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், 95 லிட்டர் 109 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்: 95-இன் விலையைச் சாதாரண விலையால் வகுத்து, இப்போதைய மைலேஜால் பெருக்க வேண்டும்.

லிட்டருக்கு 16 கி.மீ. தரும் கார், 109 ரூபாய் பெட்ரோலில் 17.27 கி.மீ. தந்தால்தான் கைக்காசு தப்பும். 45 கி.மீ. தரும் பைக் 48.6 தர வேண்டும். அதாவது 7.9 சதவீத முன்னேற்றம். ஏஏஏ-வின் ஆறு வண்டிகளில் முதலிடம் பிடித்த எஸ்கலேட்டின் 7.1 சதவீதத்தை நம் காருக்குத் தூக்கிக் கொடுத்தாலும் 17.14-தான் வருகிறது. சராசரியான 2.7 சதவீதமே கிடைக்கும் என்றால், 95-க்கு லிட்டருக்கு 2 ரூபாய் 70 காசுக்கு மேல் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டம். வருடம் 12,000 கி.மீ. ஓடும் அந்தக் கார் 750 லிட்டர் குடிக்கும்; லிட்டருக்கு 8 ரூபாய் என்றால் வருடத்துக்கு 6,000 ரூபாய். அதில் பிளக் செட், ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட் எல்லாம் பார்த்துவிடலாம்.

இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் எக்ஸ்பி100-ஐ டெல்லி, மும்பை உள்ளிட்ட 10 நகரங்களில் இறக்கியபோது டெல்லியில் விலை 160 ரூபாய். அதே 160-ஐ 101-க்கு எதிரே வைத்தால், 16 கி.மீ. கார் 25 கி.மீ.க்கு மேல் தர வேண்டும். அது பந்தய பைக்குக்கும், மேனுவலே 98 கேட்கும் இறக்குமதி வண்டிக்கும் உரிய சரக்கு.

இ20 வந்த பிறகு கணக்கு மாறியது

மேலே சொன்னதெல்லாம் சாதாரண பெட்ரோல் 91 என்ற அனுமானத்தில். எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐத் தாண்டும். பெட்ரோலில் அதை 20 சதவீதம் கலந்தால் (அதுதான் இ20) கலவையின் எண்ணும் ஏறும். 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்திலேயே, இ20 பெட்ரோல் 95 ஆக்டேனைத் தருகிறது என்று சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் நார்மல் நாசிலில் வருவதும் 95, பக்கத்துப் பம்பில் பெயரோடு வருவதும் 95. ஆக்டேனுக்காக 8 ரூபாய் என்ற வாதமே இங்கே ஆட்டம் காண்கிறது. "இ20 வந்ததிலிருந்து மைலேஜ் போச்சு, அதனால் 95 போடுகிறேன்" என்பவர்கள் தவறான மருந்தை வாங்குகிறார்கள். மைலேஜ் குறைவதற்குக் காரணம் ஆக்டேன் குறைவல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சூட்டுச்சக்தி பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்; அதனால் இ20 லிட்டருக்குச் சுத்தப் பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதம் சக்தி குறைவு. இ10-க்கு டியூன் செய்த பழைய கார்களுக்கு அடி கூடுதல், இ20-க்கென்றே டியூன் செய்தவற்றுக்கு ஓரிரு சதவீதம். பெயரில் 95 என்று இருப்பதால் உள்ளே எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது.

எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு உண்மையான தேவை இருப்பது மாதக்கணக்கில் நிற்கும் கார்பரேட்டர் வண்டிக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் கலவை பிரிந்து அடியில் தங்கும், கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பௌலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். அதற்கும் விலை கூடிய பெட்ரோலைவிட மலிவான வழி இருக்கிறது: நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு பௌலின் அடியிலுள்ள டிரெய்ன் ஸ்குரூவைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். இரும்பு டேங்க்காக இருந்தால் நிரப்பி வையுங்கள், காலியிடம் இருந்தால்தான் ஈரக் காற்று நுழையும்.

சேர்மானம்: இங்கே கொஞ்சம் நியாயம் உண்டு

பிராண்ட் பெட்ரோலில் ஆக்டேனைத் தவிர இன்னொன்றும் விற்கிறார்கள்: இன்ஜெக்டரையும் இன்டேக் வால்வையும் சுத்தமாக வைக்கும் டிடர்ஜென்ட் சேர்மானம். ஏஏஏ-வே 2016-இல் செய்த இன்னொரு சோதனையில், 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான பரிசோதனைக்குப் பிறகு, டாப் டியர் தரச் சான்று இல்லாத பெட்ரோல் போட்ட இன்ஜினில் சான்று பெற்றதைப் போல சராசரியாக 19 மடங்கு படிவு சேர்ந்திருந்தது. சான்று சேர்மானத்துக்குத்தான், ஆக்டேன் எண்ணுக்கு அதில் பங்கில்லை.

இதை வைத்து எல்லோரும் பவருக்கு மாற வேண்டியதில்லை. இன்டேக் குழாயில் இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் பெட்ரோலே வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டு போகும், சேர்மானம் வேலை செய்யும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால் வால்வு முதுகில் படியும் கரியை எந்தப் பெட்ரோலாலும் தொட முடியாது. இன்ஜெக்டர் நுனி மட்டும் சுத்தமாகும். மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு டேங்க் போட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் கணிப்பு. அந்தச் செலவைத் தாங்கலாம்.

உங்கள் வண்டிக்குத் தேவையா: அளக்கும் விதம்

மைலேஜை வைத்து அளப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 30 லிட்டர் நிரப்பும்போது நாசில் கட் ஆகும் இடம் அரை லிட்டர் முன்பின் ஆனாலே 1.7 சதவீதம் தவறு. ஏஏஏ கண்ட சராசரி லாபமே 2.7. ஒரு டேங்க் போட்டுவிட்டு "ரெண்டு கிலோமீட்டர் கூடுது" என்பதற்கு மதிப்பில்லை. பைக்கில் இன்னும் மோசம்: 10 லிட்டருக்கு 300 மில்லி பிழை என்றால் 3 சதவீதம்.

செய்வதாக இருந்தால் சரியாகச் செய்ய வேண்டும். ஒரே பங்க், ஒரே நாசில், வண்டி ஒரே சாய்வில். முதல் கட்-ஆஃபில் நிறுத்திவிட வேண்டும், ரவுண்டு ரூபாய்க்காக மேலே ஊற்றக் கூடாது. டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பார்த்து ஒரே அளவில் வைக்க வேண்டும். மூன்று டேங்க் சாதாரணம், மூன்று டேங்க் 95, திரும்ப மூன்று டேங்க் சாதாரணம். இந்தத் திரும்பப் போடுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மழை முடிந்து வெயில் வந்ததால் மைலேஜ் மாறியதா, பெட்ரோலால் மாறியதா என்று காட்டுவது அந்தக் கடைசி மூன்று டேங்க்தான். மாறும்போது முதல் டேங்க்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடியில் பழசு கலந்திருக்கும், ஈசியூவும் பழகிக்கொள்ள வேண்டும். பாதி டேங்க் பழைய பெட்ரோலின் மேலேயே பவரை ஊற்றிவிட்டு வித்தியாசம் தேடுவது பாதி வித்தியாசத்தைத் தேடுவதாகும்.

கார் என்றால் இதைவிட நேரான வழி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஈசியூவின் எண்களைப் படிக்கும் ஒரு மலிவான இஎல்எம்327 ஓபிடி ரீடரைச் செருகி, மொபைல் ஆப்பில் டைமிங் அட்வான்ஸ் (பொறி எத்தனை டிகிரி முன்னால் விடுகிறது என்பது), ஆர்பிஎம், கூலன்ட் சூடு மூன்றையும் பதிவு செய்யுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மதிய வெயிலில், ஏசி போட்டு, ஒரே ஏற்றத்தில் மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி ஐந்து தடவை ஏறுங்கள். திரையைப் பார்க்கும் வேலை பக்கத்தில் இருப்பவருக்கு. இரண்டு பெட்ரோலிலும் அட்வான்ஸ் ஒரே எண்ணில் நின்றால், கூடுதல் ஆக்டேனை உங்கள் இன்ஜின் தொடவேயில்லை. உயர் ஆக்டேனில் இரண்டு மூன்று டிகிரி நிலையாகக் கூடினால், சுமையில் ஏறும்போது உங்களுக்குப் பலன் இருக்கிறது. கொடைக்கானலுக்கு ஐந்து பேரும் லக்கேஜுமாக டர்போ காரில் ஏறும் நாளுக்கு அதைப் போடலாம். சென்னை ஓஎம்ஆர் சாலையின் சிக்னல் நெரிசலில் அந்த அட்வான்ஸ் எண் வரும் இடத்துக்கே இன்ஜின் போவதில்லை.

தட்டுகிற வண்டிக்கு ஆக்டேன் போட்டு மூடாதீர்கள்

சாதாரண பெட்ரோலுக்குச் செய்த வண்டி, மூன்று வருடம் சத்தமில்லாமல் ஓடிவிட்டு இப்போது தட்டினால், அது வேறு நோயின் அறிகுறி. 95 போட்டால் சத்தம் அடங்கும். நோய் அப்படியே இருக்கும். முதலில் ஓட்டும் பழக்கம்: ஐந்தாவது கியரில் 30-இல் போய்க்கொண்டே முறுக்கினால் எந்த இன்ஜினும் தட்டும், ஒரு கியர் குறைத்தால் சரியாகிவிடும். அதன்பின் கூலன்ட் அளவும் ரேடியேட்டர் ஃபேனும். அதன்பின் பிளக்: மேனுவலில் சொன்னதைவிடச் சூடான வகைப் பிளக்கை யாராவது மாட்டியிருந்தால் அதன் நுனியே கலவையைப் பற்றவைக்கும். எரியறையில் கரி படிந்தால் கம்ப்ரஷன் விகிதமே கூடிவிடும். கழிவு வாயுவை உள்ளே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு அடைத்தால் சூடு ஏறும். வேக்குவம் லீக் இருந்தால் (இன்டேக் குழாயில் எங்காவது காற்று நுழைந்தால்) கலவை மெலிந்து தட்டும். ஒரு குறிப்பிட்ட பங்க்கில் போட்ட பிறகு மட்டும் தட்டினால், பங்க்கை மாற்றுங்கள்.

நாக் சென்சரையே கழற்றி மாட்டியபோது வரும் தொல்லை ஒன்று உண்டு. பிளாக்கில் ஒற்றை போல்ட்டில் உட்காரும் சிறிய வட்டம் அது. பல வண்டிகளில் அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு (டார்க்) 20 நியூட்டன்-மீட்டர்தான். கைக்கு வந்த ஸ்பானரில் இறுக்கினால், அல்லது அடியில் துருவோ வாஷரோ விட்டால், சென்சருக்கு அதிர்வு சரியாகப் போகாது. இல்லாத சத்தத்தைக் கேட்டு ஈசியூ டைமிங்கைப் பின்தள்ளிக்கொண்டே இருக்கும். இழுவை போய்விடும், மைலேஜ் குறையும். ஓனர் பவர் பெட்ரோலாகப் போட்டுத் தள்ளுவார், ஒன்றும் மாறாது. பி0325 முதல் பி0328 வரையிலான பிழைக் குறியீடுகள் ரீடரில் வந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு இந்தப் போல்ட்டையும் அதன் ஒயரிங்கையும் பாருங்கள்.

இலங்கையில் கேள்வி 92-ஆ 95-ஆ என்று வரும். அங்கே ஓடும் ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களின் மூடியில் எழுத்து ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் பயந்து 95 அடிக்கிறார்கள். ஜப்பானியத் தரப்படி ஜப்பானில் விற்கும் ரெகுலருக்குக் குறைந்தபட்சம் 89, பிரீமியத்துக்கு 96. மூடியில் ரெகுலர் என்று இருந்தால் 92 தாராளம். மொபைலில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

95 கட்டாயமான வண்டியில் போகும் வழியில் 91 மட்டுமே கிடைத்தால், அடுத்த நல்ல பங்க் வரை போகும் அளவுக்குப் போடுங்கள், ஐந்து பத்து லிட்டர் போதும். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தாமல், கியரைக் குறைத்து ஆர்பிஎம்மைக் கொஞ்சம் மேலே வைத்து, ஏற்றத்தில் ஏசியை அணைத்துப் போகலாம். சத்தம் கேட்டால் காலை எடுங்கள். 95 கிடைத்ததும் மேலே நிரப்பிக்கொண்டால் போதும், டேங்க்கை வடிக்கத் தேவையில்லை.